நாலடி தள்ளிப் போட்ட கோடு

டேப்பக்கா, நான் செல்வி. திருத்தணி ஸ்டேஷன் ரோட்டு சைக்கிள் ஸ்டாண்டு செல்வி. நீங்கள் இறந்துபோன செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. இது நிஜம்தானா, இதற்குப் பின்னாலும் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி நினைத்த மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து யாருடைய சைக்கிளையோ நகர்த்தி வைக்கும்போது அழுகை வந்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போது பார்த்தாலும் இடுப்பில் ஒரு இரும்பு டேப் தொங்கும். அதனால் டேப்பக்கா. நெற்றியில் பொட்டு கிடையாது, கழுத்தில் செயின் கிடையாது. மலைக்கோயிலுக்கும் போனதில்லை, சர்ச்சுக்கும் போனதில்லை. என்ன சாதி, கல்யாணம் ஆனவரா இல்லையா, எதுவும் தெரியாது. கேட்டால் "ஏன், வாடகைக்கு வீடு தரப் போறீங்களா?" என்று சிரிப்பார்.

சென்னையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஆபீஸ் அவருடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி எல்லாரும் வந்து போகும் கட்டடங்களுக்குப் படம் போடுவார்கள். சுற்றிலும் மரம் எங்கே, மழைத் தண்ணீர் எங்கே என்பதையும் அவர்களே பார்ப்பார்கள். சிமெண்டைக் குறைத்து, அந்த இடத்து மண்ணையே கல்லாக அழுத்தி, ஃபேன் போடாமலே காற்று வருகிற மாதிரி கட்டுவார்களாம். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு படிப்பகம் கட்ட ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். அந்தக் கமிட்டிதான் இவரை அழைத்து வந்தது. பேப்பர் படிக்க ஒரு கூடம், பெண்கள் ரயிலுக்குக் காத்திருக்க ஒரு தாழ்வாரம், கமிட்டிக்கு ஒரு மீட்டிங் ரூம்.

அதற்கு ஒதுக்கிய இடம் எங்கள் ஸ்டாண்டை ஒட்டியே இருந்தது. புங்க மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு மூன்று வரிசை சைக்கிள் நிறுத்துவோம். சுற்றுவட்டாரத்தில் இருந்து வந்து சென்னை ரயில் ஏறுகிறவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். பட்டா கிடையாது. அந்தப் பெரியவர்கள் பார்த்து வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற குத்தகை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இடுப்பு விழுந்த பிறகு நான்தான் டோக்கன் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த ஸ்டாண்டு போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் கிடையாது. அதனால் டேப்பக்கா முதல் நாள் வந்து டேப்பை இழுத்தபோதே நான் கொட்டகைக் கம்பத்தை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

எதிரே டீக்கடை வைத்திருந்தவரை ஊரே பாவா என்றுதான் கூப்பிடும். அவர்தான் முதலில் பற்ற வைத்தார்.

"எஞ்சினியரம்மான்னு கூப்ட்டேன். நான் எஞ்சினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்டுன்னாங்க. கேட்டுக்கோ. எஞ்சினியர் இல்லன்னு அவங்க வாயாலயே ஒத்துகினாங்க. அப்பறம் இன்னாத்துக்கு கட்டடம் கட்ட வந்துகீறாங்க?"

"வேற எதுக்கோ வந்துகீறா," என்றார் நைனா.

வேறு எதற்கு என்று ஊரே யோசித்தது. டேப்பக்கா செய்ததும் அப்படித்தான் இருந்தது. ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, முறுக்கு மாதிரி உருட்டி, எந்த நீளத்தில் ஒடிகிறது என்று பார்ப்பார். மீதி மண்ணை ஊறுகாய் பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வரிசையாக வைப்பார். "தங்கம் தேட்றாங்க," என்றார் பாவா. இரண்டு நாளைக்கு அவரே நிஜமாக நம்பினார். கடைக்குப் பின்னால் ஒரு குழி தோண்டியும் பார்த்தார்.

நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டது இருக்கட்டும். அவர் எங்களைச் சந்தேகப்பட்டதுதான் பெரிது. யார் வாயால் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். அதுதான் டேப்பக்கா. சர்க்கரை போடாத டீ வாங்குவார். குடித்து முடித்ததும் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி அடியில் பார்ப்பார்.

"சக்கரை போடலீங்க," என்பார் பாவா.

"அப்போ எதுக்கு ஸ்பூனால கலக்கினீங்க?"

"பழக்க தோஷம்மா!"

"இருக்கலாம்," என்பார். நம்பினார் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

செங்கல் சூளைக்காரர் "நம்பர் ஒன் கல்லு" என்றால், பேச்சே இல்லை, ஒரு கல்லை எடுத்து இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போடுவார். பூக்காரம்மாவிடம் ஒருநாள், "ரயில் லேட்டுன்னா எங்க நிப்பீங்க?" என்று கேட்டார்.

"எங்க வேணா நிப்பேன். எனக்கின்னா."

"சொல்லாதீங்க, நின்னு காட்டுங்க."

அந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகப் புங்க மரத்தடிக்கு வந்து, மரத்துக்கு முதுகைக் கொடுத்து, ரயில் வரும் பக்கம் முகத்தை வைத்து நின்றது.

"எங்க வேணா நிப்பேன்னு சொன்னீங்க?"

"அய்ய, வெயில்ல நிக்க நானு இன்னா கரண்டு கம்பமா?"

எல்லாரும் சிரித்தோம். டேப்பக்கா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சொல்லாதே, செய்து காட்டு என்பதுதான் அவர் பேச்சு. கூட வரும் தாடிக்காரர் ஒருவர் உண்டு, அவர்கள் ஆபீஸில் மரம் செடி பார்க்கிறவர். பசிக்கிறது என்று அவர் சொன்னால்கூட, "ரெண்டு இட்லி வெச்சுட்டு எழுந்தீங்களே" என்பார்.

டேப்பக்கா என்னிடமும் ஒருநாள் வந்தார். அவர் வந்து கேட்பார் என்று தெரிந்து, நைனா எனக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். "எரநூறுன்னு சொல்லு. பெரிய ஸ்டாண்டுன்னு தெரிஞ்சா கை வெக்க யோசிப்பாங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை சைக்கிள் வரும்?"

"எரநூறு வரும்க்கா."

அவர் நோட்டைத் திருப்பினார். "திங்கக்கிழமை எண்பத்தி மூணு. செவ்வாய்க்கிழமை எழுபத்தி ஒம்போது. அதுல ஒண்ணு உங்க நைனாவோடது."

எனக்கு முகம் செத்துப்போனது. அவர் கோபப்படவில்லை. "உன்மேல தப்பில்ல. கேட்டா எல்லாரும் பொய்தான் சொல்வாங்க. நானும் சொல்வேன். காலுதான் பொய் சொல்லாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் காலையில் எதிர்க் கல்லில் உட்கார்ந்து எங்களை எண்ணியிருக்கிறார். நாங்கள் பார்க்கவே இல்லை. நைனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "எண்றவ சும்மாவா எண்ணுவா? எடுக்கத்தான் எண்றா."

சித்திரை மாதத்தில் ஒரு காலை, டேப்பக்காவும் தாடிக்காரரும் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புத் தூள் நிரப்பி, காலி இடம் முழுக்கக் கோடு போட்டார்கள். கட்டடம் எவ்வளவோ அவ்வளவு அளவில், சுவர் வரும் இடம், வாசல் வரும் இடம் எல்லாம்.

"பேப்பர்ல காட்டினா எல்லாரும் நல்லாருக்குன்னு தலையாட்டுவீங்க," என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். "அதனால தரையில போட்டிருக்கேன். ஒரு வாரம் இருக்கட்டும். கட்டடம் நிக்கறதா நெனச்சுகிட்டு எப்பவும் போல நடங்க. யாரும் அழிக்க வேணாம்."

எங்களுக்கு வெள்ளைக் கோடு என்றால் ஒன்றுதான் தெரியும். கடைத்தெருவில் ரோட்டை அகலப்படுத்தியபோது முதலில் கோடுதான் வந்தது. அடுத்த வாரம் இடிக்கிற வண்டி வந்தது.

ஒரு கோடு எங்கள் கொட்டகைக்குள் வந்திருந்தது. நைனா ஸ்டூலில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி அடி, செல்வி?"

நான் கால் வைத்து அளந்தேன். "நாலு நைனா."

"ஒரு வரிசை போச்சு. ஒரு வரிசை போனா ரெண்டு வரிசைக்கு எவன் குத்தகை குடுப்பான்? மொத்தமா எடுன்னுதான் சொல்வான்."

டேப்பக்காவிடமே போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டால்? நானும் பொய் சொல்வேன் என்று அவரே சொன்னவர் ஆயிற்றே.

மறுநாள் மதியம் இரண்டு மணி. காலை ரயிலுக்கும் சாயங்கால ரயிலுக்கும் நடுவில் ஸ்டேஷன் ரோட்டில் ஈ காக்கை இருக்காது. டேப்பக்கா சென்னை போயிருந்தார். நான் ஈரத் துடைப்பத்தால் எங்கள் பக்கத்துக் கோட்டைத் தேய்த்து, மேலே காய்ந்த மண்ணைத் தூவினேன். பிறகு அவர்கள் விட்டுப்போன சுண்ணாம்புத் தூளை விரலிடுக்கில் விட்டு, படிப்பகத்துப் பக்கமாக நாலடி தள்ளி, முனையில் இருந்து முனை வரை புதுக் கோடு இழுத்தேன். பாவா கடையில் இருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். குனிந்து வெள்ளைக் கோடு இழுக்கிற பெண்ணை இந்த ஊரில் யார் இரண்டாம் தடவை பார்ப்பார்கள்? தினமும் எல்லா வாசலிலும் நடப்பதுதானே.

நைனாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், "கோணாம போட்டியா?" என்றார்.

மூன்றாம் நாள் டேப்பக்கா வந்தார். கோட்டின் மேல் நடந்தார். நின்றார். டேப்பை இழுத்து இரண்டு தடவை அளந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, இந்தக் கோட்டை யாராவது தொட்டாங்களா?"

"இல்லக்கா. நான் இங்கியேதான் கீறேன். ஒரு நாய்கூட வர்ல."

"என் கோடு டப்பாவுல இழுத்தது. நடுங்கி நடுங்கிப் போகும். இது விரல்ல விட்ட கோடு. ஒரு நூல் பிசகல."

"மழ பேஞ்சி நவுந்திருக்கும்க்கா."

"மழையா?"

அவர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. தாடிக்காரர் திரும்பி நின்றுகொண்டு இருமுவது மாதிரி சிரித்தார்.

டேப்பக்கா "சரி" என்றார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த "சரி" எங்களைத் தின்றது. எந்த நேரமும் நோட்டீஸ் வரும் என்று இருந்தோம். தபால்காரர் சைக்கிளை விட வந்தால்கூட, "நோட்டீஸா?" என்பார் நைனா. நோட்டீஸ் வரவில்லை. அஸ்திவாரம் தோண்ட ஆட்கள் வந்தார்கள். தோண்டினார்கள், என் கோட்டின் மேலேயே.

"பொறி வெக்கறா," என்றார் நைனா. "தோண்டட்டும், அப்பறமா புடிப்பா."

எனக்குத் தாங்கவில்லை. மண்கல் அழுத்துகிற இடத்தில் போய் நின்றுகொண்டு கேட்டேன். "எதுக்குக்கா படத்த மாத்தினீங்க?"

"நானும் அந்த ஒரு வாரம் ஆளுங்க நடந்ததை எழுதி வெச்சேன். பூக்காரம்மா கோட்டைத் தாண்டிப் போனாங்க. பெரியவர் ஒருத்தர் கோட்டு மேலயே உட்கார்ந்தார். ஒருத்தர் மட்டும் கோட்டையே தூக்கி அந்தப் பக்கம் வெச்சாங்க. அதைவிடத் தெளிவா எனக்கு யாரும் பதில் சொன்னதில்ல."

"யாருக்கா அது?"

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

என்னையே பார்த்தார். என்ன பார்வை அது, இரக்கமா, பொறியா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"தெரியாதுக்கா," என்றேன்.

சுவர் எழுந்தது. மண்கல், மேலே பூச்சு இல்லை. எங்கள் பக்கத்துச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை ஓட்டையாக விட்டு, மரத்துக் காற்று உள்ளே போகிற மாதிரி வைத்தார். "பூசாம உட்டு துட்ட அமுக்கிட்டாங்க" என்று ஊர் பேசியது. நாலடி குறைந்ததற்குக் கூடத்திலும் கை வைக்கவில்லை, பெண்கள் தாழ்வாரத்திலும் கை வைக்கவில்லை. கமிட்டியின் மீட்டிங் ரூமில் கை வைத்தார்.

அதுதான் வினையானது. சுவர் ஜன்னல் தலை வரை, லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் கமிட்டித் தலைவர் ஆட்களோடு வந்தார்.

"இன்னாம்மா இது, எங்க ரூமு தீப்பெட்டி கணக்கா கீது?"

பாஸான பிளானை விரித்து அளந்தார்கள். நாலடி கம்மி. தலைவர் எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

"ஸ்டாண்டுக்காரங்க கோட்ட இழுத்துட்டாங்கன்னு ஊரே பேசிக்கிது. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்கம்மா. குத்தகைய கேன்சல் பண்ணி நாளைக்கே காலி பண்ணிடறோம். செவுத்த இடிச்சிட்டு நேரா கட்டுங்க."

நைனா ஸ்டூலில் இருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. நான் டோக்கன் கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகர விளிம்பு உள்ளங்கையை அறுத்தது அப்புறம்தான் தெரிந்தது.

டேப்பக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் இழுக்கல. நான்தான் மாத்தினேன்."

"எங்களக் கேக்காமயா?"

"கேக்காமதான்."

"அப்போ அதையே எழுதிக் குடுங்க."

மேஜை இல்லை. யாருடைய சைக்கிள் சீட்டின் மேலோ பேப்பரை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நான்தான் சார் இழுத்தேன்." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அன்றைக்கே ஸ்டாண்டு போயிருக்கும். சொல்லவில்லை.

பத்து நாளில் வேலையை அவர்களிடம் இருந்து பிடுங்கி ஒரு காண்ட்ராக்டருக்குக் கொடுத்தார்கள். அவர் ஓட்டைகளை அடைத்து, சுவரைப் பூசி, பெயிண்ட் அடித்து, சுற்றிலும் சிமெண்டுத் தரை போட்டார். எங்கள் மூன்று வரிசையும் அப்படியே நின்றது.

சந்தோஷப்பட வேண்டாமா? படவில்லை. "சும்மா யாராச்சும் பழிய ஏத்துக்குவாங்களா? இருக்குது, பின்னால வருவா," என்றார் நைனா. நானும் அதைத்தான் நினைத்தேன். வந்தார். மழைக்காலம் முடிந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். சிமெண்டுத் தரையில் தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்ப்பார். "நல்லா இருக்கியா?" என்பார். ரயில் ஏறிப் போவார். அவர் தலை தெரிந்ததும் நைனா குத்தகைக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொள்வார். இந்தத் தடவை கேட்பார், இந்தத் தடவை கேட்பார் என்று நாலைந்து வருஷம் காத்திருந்தோம்.

கடைசியாக வந்தபோது தலையில் துணி கட்டியிருந்தார். முகம் சுருங்கி, டேப் இடுப்பில் நிற்காமல் நழுவியது. என்ன உடம்புக்கு என்று கேட்டேன். "பார்த்தா தெரியுதுல்ல" என்றார்.

படிப்பகத்தைக் காட்டினார். உள்ளே ஒருத்தர் இல்லை. பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாம் மரத்தடியில் இருந்தார்கள்.

"உள்ள போய் உட்காரு, பார்க்கலாம்."

போய் உட்கார்ந்தேன். ஃபேன் சுடுகாற்றை அடித்தது. கொஞ்ச நேரத்தில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் சிரித்தார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அக்கா, எங்க கிட்ட இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

அவர் நழுவின டேப்பை இடுப்பில் ஏற்றிச் செருகினார். "ஒண்ணும் வேணாம்னு சொன்னா நம்புவியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நம்பாத," என்றார். "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

போன வாரம் தாடிக்காரர் மட்டும் மதிய ரயிலில் வந்தார். கொட்டகையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கடைசி நாள் வரை வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா சார்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இல்லம்மா. எனக்குத்தான் உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அவர் போனதும் நைனா கேட்டார். "இன்னா கேட்டு அனுப்பிச்சா அவ?"

"அவங்க செத்துட்டாங்க நைனா."

"அது காதுல உழுந்துச்சு. இவரு இன்னா கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல."

நைனா நம்பவில்லை. தாடிக்காரர் திரும்பி வருவார் என்று ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை ரயில் வந்தது, போனது. இறங்கின கூட்டமும் கரைந்தது. இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நெஜமாவே அவளுக்கு ஒண்ணும் வேணாம் போலகீது," என்றார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இடுப்பு விழுந்த அன்றைக்குக்கூட நைனா அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கோட்டை நகர்த்தினவள் நான்தான். இதை நீங்கள் கமிட்டியிடம் போய்ச் சொன்னாலும் சரி. டேப்பக்காவுக்கு என்ன சாமி என்று எனக்குத் தெரியாது, சாமி இருந்ததா என்றும் தெரியாது. நான் மலையேறி முருகனிடம் கேட்கலாம். ஆனால் டேப்பக்கா கேட்டபோதெல்லாம் பொய் சொன்ன வாய் இது. இந்த வாய் கேட்டால் எந்தச் சாமி நம்பும்? அதனால் உங்களைக் கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சில், எங்கும் போகாதவர்கள் இருக்கிற இடத்திலேயே, அந்தம்மா நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் எனக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.